கீசருக்குக் காவல்

ஸ்விட்ச்சைத் தட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. மோனிஷா குழந்தையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, குளியலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்தாள். எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தாக இருபது நிமிஷம் இருந்தது. இருபதா, பத்தொன்பதா? அந்தப் பெரிய முள் எப்போதும் ரெண்டு கோட்டுக்கு நடுவில்தான் நிற்கும். இந்த வீட்டு ஆட்களைப் போலத்தான் அதுவும், எதிலும் ஒரு முடிவுக்கு வராது. இருபது என்றே வைத்துக்கொண்டாள். இருபது என்றால், இருபத்தைந்து நிமிஷம் கழித்துப் பத்து ஐந்துக்கு அணைக்க வேண்டும். ஆனால் இன்றைக்குப் பத்து நிமிஷம் கூட விடச் சொல்லியிருக்கிறாள் அம்மா. அப்போ பத்தேகால். பத்தேகால் வரைக்கும் இங்கேயே நிற்க வேண்டும், தூங்கக் கூடாது, குழந்தை அழுதாலும் நகரக் கூடாது, ஏனென்றால் இந்த வீட்டுக் கீசர் தானாக அணையாது. சூடு ஏறியதும் தானே அணைகிற பாகம் போய் எட்டு மாசம் ஆகிறது. எலக்ட்ரீஷியன் முனிராஜ் அண்ணன் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "தெர்மோஸ்டாட் போச்சுக்கா, டைரக்டா குடுத்துட்டேன், நேரம் பார்த்து நீங்களே அணைச்சுக்கங்க, சீக்கிரம் புதுசு மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தெர்மோஸ்டாட் வேலையை வீட்டில் யாராவது ஒருத்தர் பார்க்க வேண்டியிருந்தது. டிசம்பரில் பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றதிலிருந்து அந்த யாராவது ஒருத்தர் மோனிஷாதான். வேறு என்ன வேலை அவளுக்கு என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஸ்விட்ச்சைப் பார்ப்பார்கள், அப்புறம் அவளைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

கதவுக்கு அந்தப் பக்கம், கீசருக்கு நேர் கீழே, முக்காலியில் அக்கா சுகன்யா உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் உடம்புக்கு எண்ணெயும் மஞ்சளும் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் காய்வதற்கும் எண்ணெய் ஊறுவதற்கும் ஒரே நேரம் ஆகும், அதனால் ரெண்டையும் ஒன்றாகச் செய்வது அம்மாவின் கணக்கு. குழந்தை பிறந்து பதினாறாம் நாள். இன்றைக்குத் தீட்டு கழிக்கிறது, சாயங்காலம் அக்கா வீட்டுக்காரர் குடும்பமே தருமபுரியிலிருந்து வந்து குழந்தையைத் தொட்டிலில் போடப் போகிறது. அதனால் இன்றைய குளியல் சும்மா குளியல் இல்லை. உயரத்தில் இருந்து இடுப்பில் அடித்து ஊற்ற வேண்டும், ஆவி பறக்க வேண்டும், அப்போதுதான் விரிந்த எலும்பு சேரும் என்று அம்மா நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "காலை நீட்டுடி, மகாராணி மாதிரி மடக்கி வச்சிருக்க." "எரியுதும்மா." "எரியட்டும், ஒண்ணும் ஆகாது. உன்னைப் பெத்தப்ப எனக்கு ஊத்தின தண்ணியில கோழி உரிச்சிருக்கலாம்." அக்கா சிரித்தாள், பிறகு தையல் இழுத்திருக்க வேண்டும், சிரிப்பு பாதியில் ஸ்ஸ் என்று நின்றது. "மோனி, தூங்கிட்டியாடி? சத்தத்தையே காணோம்." "முழிச்சிட்டுத்தான் இருக்கேன்." "பாப்பா?" "உன் பொண்ணு என் தோள்ல கக்கிட்டு நிம்மதியா தூங்குறா." "கொடுத்து வச்சவ." யாரைச் சொல்கிறாள், குழந்தையையா என்னையா என்று மோனிஷா யோசித்தாள். யோசிக்கிறதுக்குள் மேலே அந்தச் சத்தம் ஆரம்பித்தது. முதலில் அரிசி கொதிக்கிற மாதிரி. அப்புறம் கூழாங்கல்லை டப்பாவில் போட்டு ஆட்டுகிற மாதிரி.

இந்தச் சத்தம் புதிது இல்லை. எல்லாமே பழசுதான், அதுதான் எரிச்சல். கீசர் ஒரேயடியாக ஒரே நாளில் போயிருந்தால் ஒரே நாளில் மாற்றியிருப்பார்கள். இது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது, இவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டே போனார்கள். தண்ணீர் டீ நிறத்தில் வந்தபோது அம்மா, "மொதல் ரெண்டு சொம்பைக் கீழ விட்டுட்டு அப்புறம் பிடி" என்றாள். சத்தம் போட்டபோது அப்பா, "ஓசூர் போர் தண்ணி, உப்பு அடியில படிஞ்சிருக்கும், அப்படித்தான் உருட்டும்" என்றார். குழாயைத் தொட்டால் சுருக்கென்று இழுத்தபோது, ரெண்டு பேரும் சேர்ந்து யோசித்து, குளியலறைக்கு என்று தனியாக ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டார்கள். செருப்புப் போட்டுக்கொண்டு குளிக்கிற குடும்பம். பள்ளியில் இதைச் சொன்னால் ஒருத்தியும் நம்ப மாட்டாள். மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதில் சண்டையே இல்லை. ஆடி முடியட்டும் என்றார் அப்பா. ஆடி முடிந்தது. வளைகாப்பு முடியட்டும் என்றாள் அம்மா, அவ்வளவு பேர் வரும்போது சுவரை ஓட்டை போட்டுக்கொண்டிருக்க முடியுமா. வளைகாப்பு முடிந்ததும் பிரசவம் ஆகட்டும் என்றார்கள். பிரசவம் ஆனதும், பச்சை உடம்புக்காரி இருக்கிற வீட்டில் டிரில்லிங் மெஷின் சத்தமா, தீட்டு கழியட்டும். ஒவ்வொரு தடவையும் காரணம் நியாயமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் மோனிஷாவுக்கும் சரி என்றுதான் பட்டது. அவளும் அப்படித்தானே பள்ளிக்கூடம் போனாள், காலாண்டு வரைக்கும் பார்ப்போம், அரையாண்டு வரைக்கும் பார்ப்போம் என்று. கணக்குப்பதிவியல் புத்தகத்தைத் திறந்தாலே தலைக்குள் ஒரு சத்தம் வரும், அதையும் அப்படித்தான் உருட்டும் என்று விட்டுவிட்டாள். அக்காவுக்குப் படுத்தே இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க, கூட ஆள் வேணும்னு நிறுத்திட்டோம் என்று அம்மா தெருவில் சொல்கிறாள். அது பொய். ஆள் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவள்தான் ஒரு திங்கட்கிழமை பையை மாட்டவில்லை. அன்றைக்கு அப்பா முகம் சுவர் மாதிரி ஆனது, அப்புறம் ரெண்டரை மாசம் அவர் அவளிடம் நேராகப் பேசவில்லை. "அதைச் சாப்பிடச் சொல்லு" என்பார் அம்மாவிடம். அது. அவள் எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள்.

மணி பத்தாகப் பன்னிரண்டு. எட்டு நிமிஷம்தான் ஆகியிருக்கிறது. எட்டு நிமிஷம் நின்றதற்கே கால் கடுக்கிறது. பதினாறு நாளாக ஒரே நீட்டாக மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. குழந்தை அழும், அக்கா எழுந்திருக்க முடியாமல் "மோனி" என்பாள், இவள் எழுந்து தூக்கிக்கொண்டுபோய் மடியில் வைப்பாள், துணி மாற்றுவாள், நனைந்த துணியை வாளியில் போடுவாள், படுப்பாள், கண் மூடுவதற்குள் "மோனி". குழந்தையின் தலையில் பால் புளித்த வாசனை, வசம்பு வாசனை, அதோடு ஏதோ சூடான ரொட்டி மாதிரி ஒரு வாசனை. பிடித்திருக்கிறது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இவ்வளவு சின்ன முதுகு. கை வைத்தால் உள்ளங்கைக்குள் மூச்சு ஏறி இறங்குவது தெரிகிறது. மேலே கல் உருண்டது. ஒன்றும் ஆகாது. நாலு நாளாக ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு மட்டும் ஏன் ஆக வேண்டும்? ஆனால் நாலு நாளும் இருபத்தைந்து நிமிஷம். இன்றைக்கு முப்பத்தைந்து. இந்த இடத்தில் வந்துதான் யோசனை காலையிலிருந்து சிக்கிக்கொண்டு நிற்கிறது, நூல் தீர்ந்த தையல் மெஷின் மாதிரி ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் அதை அடைத்தது அவள்.

கீசருக்கு அடியில், பச்சைத் தண்ணீர் ஏறுகிற குழாயில், விரல் அளவுக்கு ஒரு பித்தளைச் சாமான் இருக்கிறது. அதற்குச் சின்னதாக ஒரு மூக்கு. தண்ணீர் சூடாக ஆரம்பித்தால் அந்த மூக்கிலிருந்து சொட்டும். சொட்டு சொட்டாக விழுந்து தரையில் ஓடும், எண்ணெய்க் கையோடு எண்ணெய்க் காலோடு இருக்கிற இடத்தில் அது போதாதா? பதினோராம் நாள் அக்கா வழுக்கினாள். விழவில்லை, அம்மா அக்குளில் கையைக் கொடுத்துப் பிடித்துவிட்டாள், ஆனால் அக்கா போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அம்மா அவளைப் பிடித்தபடியே இவளைத் திட்டினாள். "தரையைத் துடைச்சு வைக்கத் தெரியாது? தண்டமா நிக்கிறியே!" தண்டம். சரி. மாடித் தொட்டியில் விரிசல் அடைத்தபோது மிச்சமிருந்த எம்சீல் பசை அப்பாவின் டூல்ஸ் பெட்டியில் கிடந்தது. மோனிஷா ரெண்டு நிறத்தையும் கிள்ளி எடுத்து ஒரே நிறமாகும்வரைக்கும் பிசைந்தாள், கை நாறியது, முக்காலி மேல் ஏறி அந்த மூக்கை நன்றாகத் துடைத்து, உருண்டையை வைத்து, ஈர விரலால் தடவி வழவழப்பாக்கினாள். மறுநாள் ஒரு சொட்டு வரவில்லை. தரை காய்ந்து கிடந்தது. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவப் போனவர், மேலே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். வெளியே வந்து, "மோனி, நீயா பண்ணின?" என்றார். மோனி என்றார். நீ என்றார். "பரவால்லையே. கம்பெனியில ஐடிஐ முடிச்சவன் வைக்கிறதைவிட சுத்தமா வச்சிருக்க. கை வேலை வருது உனக்கு." அவ்வளவுதான் சொன்னார். அவள் அதை அன்றைக்குத் துணி அலசும்போது ஒரு தடவை, சோறு வடிக்கும்போது ஒரு தடவை, படுத்தபிறகு எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தாள். கை வேலை வருது உனக்கு. ஐடிஐயில் சேரலாம் என்றுகூட யோசித்தாள். பிட்டரோ பிளம்பரோ. பெண்கள் படிக்கிறார்களாமே.

இன்று காலை ஏழு மணிக்கு அக்கா பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது மோனிஷா பக்கத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். குழந்தை முழித்துவிடும் என்று சத்தத்தை அணைத்திருந்தாள். எதையோ தள்ளும்போது அது வந்தது. உங்கள் வீட்டுக் கீசரை எப்போது மாற்ற வேண்டும். மீசை வைத்த ஓர் ஆள், நீலச் சட்டை, ஒவ்வொரு விரலாக மடக்கினான். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதா? ஆமாம், பதினொன்று. தண்ணீர் நிறம் மாறுகிறதா? ஆமாம். சத்தம்? ஆமாம். ஷாக்? ஆமாம். அவளுக்குச் சிரிப்பாக வந்தது, எங்கள் வீட்டுக் கீசரைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறான் போல. அப்புறம் அவன் கீசருக்கு அடியில் இருந்த அதே பித்தளைச் சாமானைக் காட்டினான். அதே மூக்கு. சொட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலைத் தூக்கி, நல்லது என்று காட்டினான். பிறகு அந்த மூக்கைத் தன் விரலால் பொத்தினான். இன்னொரு கையால் இல்லை இல்லை இல்லை என்று ஆட்டினான். அடுத்த படத்தில் ஒரு குளியலறைச் சுவர் பாதிதான் இருந்தது. கீழே எழுத்து ஓடியது: சூடாகும்போது உள்ளே ஏறும் அழுத்தம் வெளியேறும் ஒரே வழி. அவ்வளவுதான், அடுத்த வீடியோவில் யாரோ பரோட்டா வீசினார்கள். அவள் பரோட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷமாவது பார்த்திருப்பாள். அப்புறம் எழுந்துபோய் கத்தியால் சுரண்டினாள், ஸ்குரூ டிரைவரால் குத்தினாள். எம்சீல் கல்லாகியிருந்தது. ஐடிஐக்காரனைவிட சுத்தமாக வைத்தது, எப்படி வரும்? ஒரு பொடி உதிர்ந்தது. அதற்குள் அம்மா, "அங்க என்னடி தட்டிட்டு இருக்க, துணி ஊறுது" என்றாள். இறங்கிவிட்டாள்.

சொல்லியிருக்கலாம். எத்தனை தடவை சொல்லியிருக்கலாம். துணி பிழியும்போது சொல்லியிருக்கலாம், காயப்போடும்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையா என்ன, சொன்னாள், வேறு மாதிரி. "அம்மா, இன்னிக்கு அடுப்புல வச்சு ஊத்தலாமே, கீசர் ஒரு மாதிரி சத்தம் போடுது." "அது என்னிக்குப் போடல? குண்டானைத் தூக்கிட்டு நடக்க என் இடுப்பு என்ன இரும்பா?" "நான் தூக்குறேன்." "நீயா? நேத்து பால் பாத்திரத்தையே ஒழுங்கா தூக்கல." அது உண்மை. கவிழ்த்தாள். தூக்கத்தில் நடந்தால் கவிழாமல் என்ன செய்யும். அதோடு விட்டாள். விட்டதற்கு இடுப்பு காரணம் இல்லை, பால் பாத்திரம் காரணம் இல்லை, ஏன் என்று அவளுக்குத் தெரியும். நான் அடைத்தது தப்பு என்று சொன்னால் சாயங்காலம் அப்பாவுக்குத் தெரியும். அவர் கத்த மாட்டார். "அதுகிட்ட யாரு குடுத்தா எம்சீலை?" என்று அம்மாவிடம் கேட்பார். அவ்வளவுதான். அந்த அதுவைக் கேட்க முடியாது அவளால். அதற்காகத்தான் பத்தாக இருபது நிமிஷம் இருக்கும்போது அம்மா "போடுடி" என்றதும் விரல் போய்த் தட்டியது. தட்டியது விரல்தானே என்று நினைத்துப் பார்த்தாள். ஏமாற்றுவேலை. விரல் யாருடையது?

கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். குழந்தையின் முதுகில் தட்டிக்கொண்டே எண்ணினாள், அறுபது எண்ணினால் ஒரு நிமிஷம், கடிகாரத்தைவிட இது நேர்மை. ஒன்று, ரெண்டு, மருத்துவமனை வராந்தாவில் இப்படித்தான் எண்ணினாள், கட்டிலில் தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா இவள் மணிக்கட்டைப் பிடித்தாள், அம்மா கையை இல்லை, இவள் கையை. நகம் பதிந்து ரத்தம் வந்தது, விடவே இல்லை, நர்ஸ்தான் பிரித்துவிட்டாள். பதினேழு, பதினெட்டு. ஏன் என் கையைப் பிடித்தாள் என்று கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்து மறந்துபோகிறது. முப்பது. முப்பத்தொன்று. பொருளியல் டீச்சர், மோனிஷா எழுந்திரு, இங்கே வந்து நில் என்றார்கள், அவள் எழுந்து நின்றாள், கரும்பலகை பூரா தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, டீ நிறத்தில், டீச்சர் விரலால் பொத்திக்கொண்டிருந்தார்கள், இல்லை இல்லை இல்லை

தலை சுவரில் இடித்தது. கண்ணைத் திறந்தாள். குழந்தை தோளில்தான் இருந்தது, கை தன்னால் இறுக்கிப் பிடித்திருந்தது. கடிகாரத்தில் பத்து இருபத்து மூன்று. இல்லை, பத்து இருபத்து ரெண்டு. அந்தச் சனியன் முள். எதுவாக இருந்தாலும் பத்தேகால் தாண்டிவிட்டது. சிவப்பு விளக்கு எரிகிறது. அம்மா உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், எண்ணெய் கொஞ்சம் கண்ணில் போனதாம். ஆனால் வேறு ஏதோ சரியாக இல்லை. என்ன இல்லை? கல் உருளும் சத்தம் இல்லை. நின்றுவிட்டது. மேலே ஒன்றுமே கேட்கவில்லை. எட்டு மாசமாகப் போடாதே போடாதே என்று திட்டிய சத்தம் அது. ஸ்விட்ச்சை அடித்து அணைத்தாள். விளக்கு போனது. "ஆச்சாடி?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "மணி ஆயிருக்குமே. குழாயைத் திறக்கவா?" ஆச்சு என்று சொன்னால் போதும். அம்மா குழாயைத் திறப்பாள். வழக்கம்போல ரெண்டு சொம்பு கீழே விடுவாள், அப்புறம் பிடிப்பாள், ஊற்றுவாள், முடிந்தது. யாருக்கும் தெரியாது. நாளைக்கு அப்பா புதுசு மாற்றிவிடுவார், எம்சீலோடு சேர்த்துப் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டு போவான். நூற்றுக்குத் தொண்ணூறு அப்படித்தான் நடக்கும். தொண்ணூற்றைந்து. மிச்சம் அஞ்சில் அக்கா முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், தலைக்கு மேல் ஒரு கை தூரத்தில்.

"திறக்காதம்மா" என்றாள். இன்னொரு தடவை, கத்தினாள். "திறக்காத! ரெண்டு பேரும் வெளிய வாங்க!" "என்னடி, பாப்பாவுக்கு என்ன?" "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. வாங்க வெளிய. கீசர் வெடிக்கும்." தாழ்ப்பாள் விழுந்தது. அம்மா எண்ணெய்க் கையோடு எட்டிப் பார்த்தாள், பின்னாலேயே அக்கா, உடம்பெல்லாம் மஞ்சள், பாவாடையை மார்பில் ஏற்றிக் கட்டியிருந்தாள், ரப்பர் செருப்பு. மோனிஷா ரெண்டு பேரையும் கூடத்துக்கு இழுத்து வந்தாள். ஒரே மூச்சில் சொன்னாள். மூக்கு, எம்சீல், நீலச் சட்டை ஆள், ஸ்குரூ டிரைவர். முன்னே பின்னே வந்தது, ஆனால் எதையும் விடவில்லை. தூங்கியதையும் சொன்னாள். அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தாள். அம்மா திட்டவில்லை. "எப்பப் பார்த்த அந்த வீடியோவ?" என்றாள். "காலையில. ஏழு மணிக்கு." "ஏழு மணிக்கா?" "ம்." "தெரிஞ்சுதான் ஸ்விட்ச் போட்டியா?" இதை அவள் யோசித்திருக்கவில்லை. அடைத்ததைப் பற்றிக் கேட்பார்கள், ஏன் அடைத்தாய், யாரைக் கேட்டு அடைத்தாய் என்று, அதற்குத்தான் பதில் வைத்திருந்தாள். இதற்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. "ஆமா" என்றாள். அக்கா ஓர் அடி முன்னால் வந்தாள், மஞ்சள் கையை நீட்டினாள், மோனிஷாவின் தோளிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள். பிடுங்கவில்லை. ரொம்ப மெதுவாகத்தான் எடுத்தாள். எடுத்துக்கொண்டு போய் வாசல் பக்கமாக நின்றாள், முதுகைக் காட்டி. பதினாறு நாளில் அந்தத் தோள் இவ்வளவு லேசாக இருந்ததே இல்லை.

அழுத்தம் உள்ளேயே இருக்கிறது, திறந்துவிட வேண்டும். மோனிஷா உள்ளே போகப் போனாள். அம்மா சுடிதாரைப் பின்னால் பிடித்து இழுத்த இழுப்பில் தையல் விட்டது. "போகாதடி! உள்ள போன, கால ஒடிச்சுடுவேன்!" "திறக்கலன்னா எப்படிம்மா?" "எனக்குத் தெரியாது. நீ போகாத." கடைசியில் மோனிஷா தரை துடைக்கிற மாப் கட்டையை எடுத்தாள். கதவு நிலைக்கு வெளியே, சுவருக்கு மறைவில் நின்று, கையை மட்டும் நீட்டிக் குழாயின் கைப்பிடியைக் குத்தினாள். முதல் குத்து சுவரில். ரெண்டாவதும் சுவரில். அம்மா இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தாள், இவள் குத்த, அவள் இழுக்க. மூன்றாவதில் கைப்பிடி மேலே போனது. குழாய் இருமியது. ஒரு தடவை, ரெண்டு தடவை, அப்புறம் சீறிக்கொண்டு கொட்டியது, கறுப்பு, அப்புறம் செம்மண், அப்புறம் ஆவி. ஆவி வராந்தா வரைக்கும் வந்தது. முக்காலியின் மேல் கொதிக்கக் கொதிக்கத் தெறித்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று தெரியாது, மோனிஷா மறுபடி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் தெளிந்து, ஆறி, வெறும் பச்சைத் தண்ணீராக ஓட ஆரம்பித்ததும் அம்மா போய் மாடித் தொட்டியிலிருந்து வருகிற குழாயை அடைத்து, மெயினையும் அணைத்துவிட்டு வந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். "இன்னிக்கே வேற கீசர் எடுத்துட்டு வாங்க. இல்லைங்க, இன்னிக்கே. அவங்க வந்தா வரட்டும், சுவரை ஓட்டை போடுறதைப் பார்த்துட்டுப் போகட்டும். என்ன ஆச்சா? வாங்க, உங்க பொண்ணே சொல்லுவா." மோனிஷாவைப் பார்க்காமல்தான் சொன்னாள். சொல்ல வேண்டியதுதான். அப்பா அவளை அது என்று சொல்லட்டும். அவர் எது என்று சொன்னாலும் இவள் சொல்ல வேண்டியதுதான்.

மோனிஷா அடுப்பில் பெரிய குண்டானை ஏற்றினாள். பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தைக் கழுவி, கொடியில் ரெண்டு பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு மறைப்புக் கட்டினாள். கொதித்ததைத் துணி பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள், ஒவ்வோர் அடியாக வைத்து, பால் பாத்திரத்தை நினைத்துக்கொண்டு. சிந்தவில்லை. அக்கா குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து கல்லின் மேல் உட்கார்ந்தாள். அம்மா சொம்பை எடுத்தாள். வாளிக்குள் விட்டு எடுத்தாள், பாதி கீழே கொட்டியது, சொம்பு வாளியில் இடித்து இடித்துச் சத்தம் போட்டது. இன்னொரு தடவை எடுத்தாள். "முடியலடி எனக்கு" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். சொம்பை வாளிக்குள் போட்டுவிட்டு, இடது தோளில் கிடந்த குழந்தையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். சுகன்யா திரும்பவில்லை. முதுகில் மஞ்சள் காய்ந்து வெடிக்க ஆரம்பித்திருந்தது, காற்றில் தோள் ரெண்டும் சிலிர்த்திருந்தது. பச்சை உடம்பு, இப்படியே எவ்வளவு நேரம் உட்கார வைக்கிறது. மோனிஷா சொம்பை எடுத்தாள். பச்சைத் தண்ணீர் கலந்தாள், தன் முழங்கையில் ஊற்றிப் பார்த்தாள், சுட்டது, கொஞ்சம் கலந்தாள், இன்னொரு முழங்கையில் ஊற்றிப் பார்த்தாள். "அக்கா, ஊத்தவா?" வாளியில் ஆவி குறைந்துகொண்டிருந்தது. "ஊத்தட்டுமா?" சுகன்யா பின்னங்கழுத்தில் ஒட்டியிருந்த முடியை ரெண்டு கையாலும் ஒதுக்கி முன்னால் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து கொடுத்தாள்.